சாட்சி நேரத்தில் கார்

புதிய கார், இரண்டாவது மனை, மகனுக்கு வெளிநாட்டு வேலை. ஆராதனையில் கர்த்தர் தமக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல எழுபவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் ஆசீர்வாதம் என்கிறார்கள். நன்றி சொல்வதில் குற்றமில்லை. ஆனால் வாடகை வீட்டிலேயே மூப்படைந்தவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அவரைக் கர்த்தர் மறந்துவிட்டாரா?

அயர்லாந்தைச் சேர்ந்த மிஷனரி எமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார். பணத்துக்காக மனிதரிடம் கைநீட்டுவதில்லை, தேவையை ஜெபத்தில் வைப்பது என்பது அவர் கொள்கை. 1951இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை. தமக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் பறவைகளுக்கான கல்தொட்டி ஒன்றை வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். நம் கல்லறைத் தோட்டங்களிலோ பளிங்கில் பட்டமும் பதவியும் வரிவரியாக நிற்கின்றன. (அதிலும் போட்டி!)

தென்மாவட்டச் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி ஊழியத்துக்கென்று தனிப் பானைக்குப் போகும். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறையாமல் பார்த்துக்கொண்ட பெண்கள் பலர். அவர்கள் சாட்சி சொல்ல எழுந்து நான் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு யாராவது ஒலிவாங்கியை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்களேன்.