21-ஆவது கொண்டை ஊசி வளைவு: சி மொழியில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் கடக்க எத்தனை விநாடி ஆனது என்று வாங்கி வைக்க ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால், முதலாண்டு மாணவர்களில் பலர் இப்படித்தான் எழுதுவார்கள்:

இன்ட் நேரம்[20];
ஃபார் (ஐ = 1; ஐ <= 20; ஐ++)
    ஸ்கேன்எஃப்("%டி", &நேரம்[ஐ]);

(இந்தப் பதிவில் குறியீடுகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாகத் தட்டுங்கள்.)

கம்பைலர் (நாம் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் புரோகிராம்) இதற்கு மறுப்புச் சொல்லாது. புரோகிராம் ஓடவும் ஓடும். ஆனால் 20 என்று அறிவித்த அரேயில் (ஒரே பெயரில் வரிசையாக நிற்கும் இடங்கள்) இடங்கள் 0 முதல் 19 வரைதான். நேரம்[20] என்பது 21-ஆவது இடம். அப்படி ஒரு வளைவு மலையில் இல்லை, அப்படி ஒரு இடம் அரேயிலும் இல்லை. இருந்தும் சி அங்கே போய் எழுதிவிடும். அந்த இடத்தில் மெமரியில் வேறு எது குடியிருக்கிறதோ அதன் மதிப்பு அழியும்.

அங்கே இருப்பது ‘ஐ’ என்று வையுங்கள். கடைசி வளைவுக்கு 45 விநாடி என்று கொடுத்தால் ஐ-யின் மதிப்பு 45 ஆகி லூப் ஒழுங்காக முடிந்தது போலத் தெரியும். 12 என்று கொடுத்தாலோ ஐ 12 ஆகி, பிறகு 13 ஆகி, 13-இலிருந்து மறுபடியும் எண் கேட்க ஆரம்பிக்கும். ஒரே புரோகிராம், ஒரே மெஷின். கொடுத்த எண்ணைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. “நேத்து ஓடுச்சு சார், இன்னைக்கு ஓடல” என்று லேபில் கேட்கும் குரல்களில் பாதி இந்த வகைதான். மாணவர் பொய் சொல்லவில்லை. நேற்று உண்மையிலேயே ஓடியது.

திருத்தம் சின்னது: ஐ = 0-வில் தொடங்கி ஐ < 20 வரை. மனிதருக்குக் காட்டும்போது மட்டும் ஐ + 1 என்று அச்சிடுங்கள். அரேயை 21 என்று பெரிதாக்கிச் சமாளிக்கும் பழக்கம் வேண்டாம். அடுத்த புரோகிராமில் அதே தவறு வேறு உருவில் வரும்.

சி-யில் கம்பைலர் கத்திச் சொல்லும் தவறுகள் எளியவை. கத்தாமல் விடும் தவறுகள்தான் ஒரு மாலைப்பொழுதையே தின்றுவிடும். ஆகவே யாருக்கு உதவப் போனாலும் முதல் வேலை, கம்பைலரைப் பேச வைப்பது. ஜிசிசி என்ற கம்பைலரை வைத்திருப்பவர்கள் கட்டளையோடு இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும்: கழித்தல் குறி, அதோடு ஒட்டிப் பெரிய எழுத்தில் டபிள்யூ, பிறகு சிறிய எழுத்தில் ஆல், அடுத்து ஒரு இடைவெளி விட்டு அதே போல டபிள்யூ எக்ஸ்ட்ரா. இது வார்னிங்குகளைத் திறந்துவிடும். மேலே சொன்ன அரே தவறைப் பிடிக்க இன்னும் இரண்டு வேண்டும்: கழித்தல் ஜி, அப்புறம் கழித்தல் குறியோடு எஃப்சானிடைஸ்=அட்ரஸ் (நடுவில் இடைவெளி இல்லாமல்). அப்போது புரோகிராம் 21-ஆவது இடத்தைத் தொட்ட கணமே நின்று, எந்த வரியில் தொட்டது என்று வரி எண்ணோடு சொல்லும். லினக்ஸில் இது நேராக வேலை செய்யும்; விண்டோஸில் மின்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

எர்ரர்களைப் படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 15 எர்ரர் வந்தால் 15 தவறு என்று அர்த்தமில்லை. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் கீழே உள்ளதெல்லாம் குழம்பும். முதல் எர்ரரை மட்டும் திருத்துங்கள், ஃபைலை சேவ் செய்யுங்கள், மறுபடி கம்பைல் செய்யுங்கள். 8-ஆவது வரி என்று காட்டினால் 7-ஐயும் பாருங்கள். செமிகோலன் விட்டுப்போனது அங்கேயாக இருக்கலாம். சேவ் செய்ய மறந்து பழைய புரோகிராமையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும்.

இனி சத்தமில்லாத தவறுகளுக்கு வருவோம்.

ஃபார் (வளைவு = 1; வளைவு <= 20; வளைவு++)
    இஃப் (வளைவு = 20)
        பிரிண்ட்எஃப்("உச்சி வந்தாச்சு\என்");

ஓட்டினால் ஒரே ஒரு முறை “உச்சி வந்தாச்சு” என்று வரும். பார்க்கச் சரியான விடை. உண்மையில் நடந்தது வேறு. ஒற்றைச் சமன்குறி ஒப்பிடாது, மதிப்பைப் போடும். முதல் சுற்றிலேயே வளைவின் மதிப்பு 20 ஆனது, 20 பூஜ்யம் இல்லாததால் நிபந்தனை உண்மையானது, அச்சிட்டது, பிறகு 21 ஆகி லூப் முடிந்தது. அடிவாரத்தில் ஏறிய வண்டி முதல் வளைவிலேயே உச்சிக்குப் போய்விட்டது. லூப்புக்குள் வளைவின் எண்ணையும் அச்சிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஒப்பிட இரட்டைச் சமன்குறி, ==. வார்னிங் திறந்திருந்தால் இந்த இடத்தைக் கம்பைலரே சுட்டிக்காட்டும். இஃப் அல்லது ஃபார் வரியின் முடிவில் செமிகோலன் வைத்துவிடுவதும் இதே ஜாதி: நிபந்தனை அந்தச் செமிகோலனோடு முடிந்துபோகும், அடுத்த வரி எப்படியும் ஓடும்.

கணக்கில் தடுக்கும் இடம் வகுத்தல். ஏற்காட்டில் 20 டிகிரி செல்சியஸ் என்றால் ஃபாரன்ஹீட்டில் 68. ஆனால் 9 / 5 * செ + 32 என்று எழுதினால் விடை 52. இரண்டு பக்கமும் முழு எண் இருந்தால் சி முழு எண்ணாகவே வகுக்கும். 9 / 5 என்பது 1, மீதி போய்விடும். செ * 9 / 5 + 32 என்று வரிசையை மாற்றினால் 20-க்கு 68 சரியாக வரும், உடனே மாணவர் திருப்தியாகிவிடுவார். 21 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 69.8 வர வேண்டிய இடத்தில் 69 வரும். செ முழு எண்ணாக இருக்கும்வரை முடிவும் முழு எண்தான். 9.0 / 5 என்று எழுதி, விடையை டபுள் வேரியபிளில் (புள்ளி வைத்த எண் பிடிக்கும் இடம்) வாங்கினால்தான் தீரும். எதிர்த்திசையில் 5 / 9 இன்னும் மோசம், எந்த வெப்பநிலைக்கும் பூஜ்யமே கிடைக்கும்.

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது, தட்டுவதை வாங்கி வைக்கும் ஸ்கேன்எஃப் மீது. & குறியை விட்டுவிடுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு: வேரியபிளின் அட்ரஸைக் கொடுக்காமல் அதற்குள் இருக்கும் குப்பை எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணையே அட்ரஸ் என்று நம்பி அங்கே எழுதப் போகும், புரோகிராம் விழும். அதைவிட நுட்பமானது டபுள் வேரியபிளுக்கு %எஃப் கொடுப்பது. வழக்கமான கணினிகளில் ஃப்ளோட் 4 பைட், டபுள் 8 பைட். %எஃப் பார்த்தால் ஸ்கேன்எஃப் 4 பைட் மட்டுமே நிரப்பும், மீதி 4 பழைய குப்பையோடு நிற்கும். டபுளுக்கு %எல்எஃப் வேண்டும். பிரிண்ட்எஃப்-இல் இரண்டுக்கும் %எஃப் போதும், ஏனென்றால் அங்கே ஃப்ளோட்டும் டபுளாக மாறித்தான் போய்ச்சேரும். “அச்சிடும்போது சரியாக இருந்ததே, வாங்கும்போது ஏன் இல்லை” என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

மாம்பழ மண்டிக்கு ஒரு பில் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ மல்கோவா என்று கேட்கிறது, %டி-யால் வாங்குகிறது. அடுத்து “இன்னும் பழம் உண்டா, ஒய் அல்லது என்” என்று கேட்டு %சி-யால் ஒரு எழுத்தை வாங்க வேண்டும். ஆனால் அங்கே நிற்காமலே முடிந்துவிடுகிறது. காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து. நீங்கள் 50 என்று தட்டி எண்டரை அழுத்தியபோது உள்ளே போனவை மூன்று: 5, 0, எண்டர். %டி இலக்கங்களை எடுத்துக்கொண்டு எண்டரை அங்கேயே விட்டுவிட்டது. அடுத்து வந்த %சி-க்கு எந்த எழுத்தானாலும் சரி, காத்திருந்த எண்டரை எடுத்துக்கொண்டது. அது ஒய் இல்லை, ஆகவே பில் முடிந்தது. மருந்து ஒரே ஒரு இடைவெளி: " %சி" என்று சதவீதக் குறிக்கு முன்னால் விடுங்கள். அந்த இடைவெளி, எண்டர் உட்பட வெற்று எழுத்துகள் எத்தனை இருந்தாலும் தாண்டிப் போகச் சொல்லும். இதே காரணத்தால்தான் ஸ்கேன்எஃப்-க்குள் "%டி\என்" என்று எழுதக் கூடாது. எண்ணை வாங்கிய பிறகும் வெற்று அல்லாத ஒரு எழுத்து வரும்வரை அது காத்துக்கொண்டே இருக்கும், திரை உறைந்தது போல நிற்கும்.

கிலோ கேட்ட இடத்தில் யாராவது ‘அஞ்சு’ என்று எழுத்தில் தட்டினால்? %டி அந்த எழுத்துகளைத் தொடாது. அவை வாசலிலேயே நிற்கும், லூப்புக்குள் இருந்தால் முடிவில்லாமல் சுற்றும். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். ஒரு மதிப்புக் கேட்டால் 1 வர வேண்டும், வராவிட்டால் நிறுத்துங்கள்.

ஸ்ட்ரிங்கில் (எழுத்துகளின் வரிசை) தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சேலம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 5 எழுத்து, முடிவுக்குறியான பூஜ்யத்தோடு 6 பைட். கேர் ஊர்[5] என்று அறிவித்து வாங்கினால் அந்தப் பூஜ்யம் வேலியைத் தாண்டி விழும். தமிழிலேயே சேலம் என்று கொடுத்தால்? ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று 5 குறிகள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஆக நீளம் சொல்லும் ஸ்டிரிங்லென் (தட்டும்போது எஸ்டிஆர்எல்இஎன்) 15 என்று சொல்லும், அரேக்கு 16 வேண்டும். ஏற்காடு என்றால் 7 குறிகள், 21 பைட், அரேக்கு 22. நாம் மூன்று எழுத்து, நான்கு எழுத்து என்று எண்ணுவது சி-க்குத் தெரியாது. அதற்குப் பைட் மட்டுமே தெரியும். தமிழ்ப் பெயர் வாங்கும் புரோகிராமில் தாராளமாக 100 என்று வையுங்கள்.

%எஸ் இடைவெளியில் நின்றுவிடும். ‘ஏற்காடு அடிவாரம்’ என்றால் ஏற்காடு மட்டும்தான் கிடைக்கும். முழு வரி வேண்டுமென்றால் எஃப்கெட்ஸ். அது எண்டரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்துக் கடைசியில் நீக்குங்கள். பழைய நோட்ஸ்களில் இருக்கும் கெட்ஸ் வேண்டவே வேண்டாம், 2011 தரநிலையிலேயே அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு ஸ்ட்ரிங்குகளை == போட்டு ஒப்பிட்டால் எழுத்துகளை ஒப்பிடாது, அட்ரஸ்களை ஒப்பிடும். ஸ்டிரிங்கம்ப் (தட்டும்போது எஸ்டிஆர்சிஎம்பி) பயன்படுத்துங்கள்; ஒன்றாக இருந்தால் அது 0 தரும், 1 அல்ல.

டர்போ சி என்ற பழைய கம்பைலரில் படித்துவிட்டு லினக்ஸில் ஜிசிசி-க்கு வருபவர்களுக்குக் கோனியோ ஹெடரும், திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீனும் கிடைக்காது, வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்க வேண்டும். எதிர்த்திசையில் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அங்கே இன்ட் 2 பைட், 32767-க்கு மேல் பிடிக்காது. மூட்டைக்கு 90 கிலோ வீதம் 400 மூட்டை ஜவ்வரிசி என்றால் 36000 கிலோ. டர்போ சி-யில் அது -29536 என்று வரும். லாங் என்று அறிவித்தால் மட்டும் போதாது, பெருக்கும் எண்களில் ஒன்றும் லாங் ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெருக்கும்போதே உடைந்துவிடும்.

உதவப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கீபோர்டைக் கையில் வாங்காதீர்கள். அப்சர்வேஷன் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போடச் சொல்லுங்கள், ஒரு வேரியபிளுக்கு ஒரு பத்தி, ஒரு சுற்றுக்கு ஒரு வரி. லூப் தொடங்குமுன் ‘மொத்தம்’ என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று மாணவர் பேனாவை நிறுத்தினால், மொத்தம் = 0 போட மறந்ததை அவரே கண்டுபிடித்துவிட்டார் என்று பொருள். கட்டத்தில் மூன்று சுற்று போதும்: முதல் சுற்று, இரண்டாவது, கடைசி.

காகிதத்தில் சரியாக வந்து மெஷினில் மட்டும் விழுகிறது என்றால் நடுநடுவே பிரிண்ட்எஃப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் \என் கட்டாயம். அது இல்லாவிட்டால் எழுத்துகள் திரைக்கு வராமல் இடையிலேயே தேங்கி நிற்கும். புரோகிராம் விழும்போது அவையும் சேர்ந்து போய்விடும். நீங்கள் 10-ஆவது வரியே ஓடவில்லை என்று நினைத்து அங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள், விழுந்தது 30-ஆவது வரியாக இருக்கும்.