சாக்குக்குள் நூறு விதை

ஒக்டோபர் 6
நூறு கச்சானை (நிலக்கடலை) கோதுடைத்து எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, கிணற்றடி வாழைக்குக் கீழே வைத்தேன். மாதர் சங்கத்து மூட்டை. அறுவடைக்குப் பிறகு விதையாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும், நாலு கிலோவுக்கு ஐந்து கிலோ. முளைக்காவிட்டாலும் கடன் கடன்தான்.

ஒக்டோபர் 7
மழை இல்லை.

ஒக்டோபர் 9
காணிக் கந்தோருக்குப் போய் வந்தோம். காணி யார் பெயரில் என்று கேட்ட பொடியன் வேலைக்குப் புதிது. அம்மா அப்பாவின் பெயரைத் தகப்பன் பெயரோடு முழுதாகச் சொன்னார், ஏதோ அவர் வெளியே சைக்கிளைப் பூட்டிக்கொண்டு நிற்பதுபோல. "அவரையே வந்து கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ அம்மா" என்றான். பக்கத்து மேசைக்காரர் அவன் காதில் ஏதோ சொன்னார். பொடியனின் முகம் கறுத்துப் போயிற்று. அவனில் எனக்குக் கோபம் இல்லை.

அம்மா அரச காணிப் பெர்மிட்டை விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் ஒட்டிய நாடா மஞ்சளித்துவிட்டது. முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் கிடந்து, எங்களோடு திரும்பி வந்த தாள். பெயர் மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டுமாம். இல்லையென்றால், 2016இல் சட்டம் வந்ததே, காணாமற்போனவருக்கென்று ஒரு சான்றிதழ், அதையாவது எடுக்கட்டுமாம். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தார். கச்சான்கடைக்காரி சுருளை நீட்டியபோது, "எங்களிடம் விதைக்கவே காணாது" என்று அவளிடம் எரிந்து விழுந்தார்.

ஒக்டோபர் 11
சாக்கைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். வெள்ளையாக மூக்கு நீட்டியிருக்கின்றன.

ஒக்டோபர் 12
தம்பி கட்டாரிலிருந்து போன் எடுத்தான். "என் பெயருக்கு மாற்றினால் சுகம்தானே அக்கா?" கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு. ஆனால் இரவு முழுக்க நித்திரை வரவில்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகனை வைத்திருந்தது. 2022இல்தான் திருத்தினார்கள். 87 வருடம். எங்கள் வீட்டில் அது இன்னும் திருத்தப்படவில்லை. அவன் ஒரு கச்சான் செடி பிடுங்கியது கிடையாது. அவித்துக் கொடுத்தால் சட்டி சட்டியாகத் தின்பான்.

நெல் வயலும் இதே பெர்மிட்தான். மானியக் காசு பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு வரும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அம்மா பின்வரிசையில் இருப்பார், அப்பாவின் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் மாதிரி. 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது மஞ்சளித்த பயிரைப் பார்த்து வரம்பில் குந்தியிருந்து அழுதவர் யார்?

ஒக்டோபர் 13
எண்பத்து மூன்று. நல்ல விதை!
மிச்சத்தில் ஒன்பது அழுகல், எட்டு அப்படியே கிடந்தன. எறியப் போனேன். "இரண்டு நாள் வைத்துப் பார்" என்றார் அம்மா.

ஒக்டோபர் 16
எங்கள் திண்ணையில் ஆறு பேர் இருந்து கோதுடைத்தோம். பெருவிரல் நகத்தடி வெடித்துவிட்டது, பேனையைப் பிடிக்கவே எரிகிறது. முன்கூட்டி உடைத்து வைத்தால் முளைப்பு குறையும், மழையைப் பார்த்துத்தான் உடைக்க வேண்டும். இன்று கிழக்கில் கறுத்திருந்தது, துணிந்துவிட்டோம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மச்சாள் எழுந்து உள்ளே போய்விட்டார். கிழமைக்கடன்காரன் இல்லை, மீன்காரன். சிரித்தோம், அவரும் சிரித்தார். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தபோது எல்லை ஒரு இலட்சம். மச்சாளுடையது ஒரு இலட்சத்து ஐயாயிரம்.

ஒக்டோபர் 17
மழை இல்லை. உடைத்திருக்கக் கூடாது.

ஒக்டோபர் 18
இல்லை. விதைப் பானையை மூன்று தரம் திறந்து மணந்து பார்த்தேன்.

ஒக்டோபர் 19
மழை!!

ஒக்டோபர் 21
உழுகிற லான்ட்மாஸ்டர்காரன் மத்தியானம்தான் வந்தான். சாலுக்குள் ஒரு சாணுக்கு ஒரு விதையாகப் போட்டுக்கொண்டே போனோம். அம்மா எனக்கு முன்னால். வேலிக்கரைச் சாலுக்கு வந்ததும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். அந்த எட்டு. அவற்றையும் ஒவ்வொன்றாக வைத்து மண்ணை மூடினார். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

ஒக்டோபர் 23
பெர்மிட் பற்றி இன்றைக்குக் கேட்கலாம் என்றிருந்தேன். விடியற்காலையில் நான்கு மயில் வேலிக்கரையில் நின்று கிண்டுகின்றன. அம்மா தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார், செருப்புக்கூட இல்லாமல். நானும்