அகத்தியில் கடிகாரமும் கொம்பும்

2024 ஏப்ரல் முதல் வாரம். நோன்பு மாதத்தில் லட்சத்தீவுக்குப் போனால் பகலில் ஒரு டீகூடக் கிடைக்காதே என்றார்கள் வீட்டில். கிடைக்கவில்லைதான். ஆனால் அனுமதிச் சீட்டுக்கு அவ்வளவு அலைந்த பிறகு தேதியை மாற்ற மனசில்லை. ஏப்ரல் 19 அன்று அங்கேயும் ஓட்டு, தமிழ்நாட்டிலும் ஓட்டு. அதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும்.

கொச்சியில் ஏறிய சின்ன விமானம் அகத்தியில் இறங்கும்போது இரண்டு பக்க ஜன்னலிலும் கடல். ஒரு நுனியில் ஓடுபாதை. மறு நுனிக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், அவ்வளவுதான் ஊர். ராத்தொழுகை முடிந்து பிரச்சார ஆட்டோ கிளம்பினால், அரை மணிக்குள் அதே குரல் திரும்பி வந்துவிடுகிறது. வேறெங்கே போகும்!

தங்கிய வீட்டுக்காரரை எல்லோரும் காக்கா என்றார்கள். பறவையில்லை, அண்ணன். நம் காயல்பட்டினத்திலும் இதே சொல்தான். நோன்பு திறந்த பின் மீன் பொரியலும் சாயாவுமாக உட்கார்ந்தால், காக்கா மலையாளத்தில் அரசியல் பேசுவார்; எனக்கு முக்கால்வாசி புரியும்.

மனிதர்கள் வாழும் பத்துத் தீவுகளும் சேர்ந்து ஒரே மக்களவைத் தொகுதி. ஓட்டு மொத்தம் 58 ஆயிரத்துக்குள். நாட்டிலேயே மிகக் குறைவு. சட்டமன்றம் கிடையாது. அதனால் கப்பல் டிக்கெட் கிடைக்காத கோபமும் எம்.பி. தலையில்தான் விடியும். பி.எம். சயீத் 1967 முதல் தொடர்ந்து பத்து முறை ஜெயித்தவர், 2004இல் 71 ஓட்டில் தோற்றார்.

"71 பேர் என்றால் எவ்வளவு? கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் கிடைக்காவிட்டால் போதும்" என்றார் காக்கா. கரை என்றால் அவருக்குக் கேரளா.

இந்த முறை சயீதின் மகன் ஹம்துல்லா கை சின்னத்தில். எதிரே, 2014இலும் 2019இலும் ஜெயித்த முகமது ஃபைசல். இரண்டாவது முறை வித்தியாசம் 823 ஓட்டுதான். அப்போதெல்லாம் அவருக்குக் கடிகாரம். தேசியவாத காங்கிரஸ் இரண்டாக உடைந்ததில் கடிகாரம் அஜித் பவார் அணிக்குப் போய், அதன் வேட்பாளர் ஒருவரும் களத்தில். சரத் பவார் அணியில் நின்ற ஃபைசலுக்குக் கிடைத்தது கொம்பு ஊதும் மனிதன் சின்னம்.

காக்காவுக்கு அதுதான் கவலை. அவருடைய உம்மா, அதாவது அம்மா, இரண்டு தேர்தலாகக் கடிகாரத்தையே அழுத்திப் பழகியவர். ஒரு பிட் நோட்டீஸை அவர் கண்ணருகே பிடித்து, "இதோ, கொம்பு" என்று விரலை எடுத்து வைத்துக் காட்டினார் காக்கா. உம்மா கையை உதறிவிட்டார். "எனக்குத் தெரியும், போடா." வெற்றிலை இடிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. அவர் கொம்புக்குப் போடுவார் என்று காக்கா எப்படி அவ்வளவு உறுதியாக நம்பினார் என்பது வேறு கதை.

ஊருக்கு வந்து, 15 லட்சம் பேரில் ஒருவனாக வரிசையில் நின்று என் ஓட்டைப் போட்டேன்.

ஜூன் 4ஆம் தேதி நம் தொகுதி முடிவுக்கு முன்னால் லட்சத்தீவைத்தான் போனில் தேடினேன். ஹம்துல்லா 2,647 ஓட்டில் ஜெயித்திருந்தார். கடிகாரத்துக்கு மொத்தமே 201. பத்துத் தீவிலும் சேர்த்து! காக்காவுக்கு போன் போட்டேன். குரலில் சுரத்தே இல்லை.

பின்னால் வெற்றிலை இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.