கடலாமையும் இலைத்துருவும்

பீன்ஸ் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவியபோது செங்காவி நிறத்தில் பொடி ஒட்டிக்கொண்டது. துருநோயை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகள் அவை. இந்தப் பூஞ்சையைக் கடலாமையோடு ஒப்பிடலாமே என்று தோன்றியதும் எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் உறவுமுறை பார்த்தால், அது குடியிருக்கும் இலையைவிட ஆமைதான் அதற்கு நெருங்கிய சொந்தம். விலங்குகளும் பூஞ்சைகளும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தாவரங்களின் கிளை அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. இலை தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைத்துக்கொள்ள, ஆமையின் ஈரலும் பூஞ்சையின் இழைகளும் கிளைக்கோஜன் என்னும் வேறொரு சர்க்கரைச் சேர்மமாக வைத்துக்கொள்கின்றன.

தாய் ஆமை பின்துடுப்புகளால் குழி பறித்து, நூறு முட்டைகள் போல இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பூஞ்சைக்கு அந்தச் சிரமமும் கிடையாது, காற்றே போதும்.

இடம் தேடும் வித்தைதான் இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் ஈர்த்தது. பல ஆண்டுகள் கழித்து முட்டையிட வரும் ஆமை, தான் பிறந்த கரைப்பகுதியைப் புவியின் காந்தப்புலத்தை உணர்ந்து கண்டடைகிறது. இலைமேல் விழுந்த வித்தோ, பனி ஈரத்தில் முளைத்து, மெல்லிய குழலொன்றை நீட்டி, மேற்பரப்பின் மேடுபள்ளங்களைத் தடவிக்கொண்டே இலைத்துளையைத் தேடுகிறது. துளையின் விளிம்பு அரை மைக்ரான் அளவு, அதாவது மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, உயர்ந்திருக்கும். அந்த மேடு தட்டுப்பட்டதும் குழலின் நுனி வளர்வதை நிறுத்திப் புடைத்து, துளை வழியே உள்ளே இறங்குகிறது. கண்ணும் மூளையும் இல்லாத ஒன்று இதைச் செய்வதால், என் வியப்பில் பெரும்பங்கு பூஞ்சைக்கே.

இருவரையும் ஏமாற்றவும் முடியும். 1987இல் வெளியான ஓர் ஆய்வில், அதே உயரத்துக்கு மேடு வைத்த பிளாஸ்டிக் தகட்டின்மேல் இந்த வித்துகளை முளைக்கவிட்டார்கள். இலையே இல்லாத இடத்தில், இல்லாத துளைக்குள் நுழைய அவை நுனியைப் புடைத்துக்கொண்டு நின்றன. ஆமைக்குஞ்சுகளை ஏமாற்ற ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை: வெளிச்சம் தெரியும் பக்கமே கடல் என்று நம்பி இரவில் மணலிலிருந்து வெளிவருபவை, கரையோர விளக்கைப் பார்த்துச் சாலைப் பக்கம் ஊர்ந்து போகின்றன.