ஒரு பெட்டி, இரண்டு டெக்: சரிக்குச் சமமா?

பெட்டியைப் பிரித்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடலாம் என்று தயாராக வரும் கார்டு டெக்குகள், அதாவது ஆட்டத்துக்கென்று சேர்த்த கார்டுக் கட்டுகள், நிறைய இருக்கின்றன. மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் 2007-இல் எல்ஃப்களும் காப்ளின்களும் மோதிய பெட்டியோடு டூயல் டெக்ஸ் வரிசை தொடங்கி 2018 வரை வந்தது. டெக்குக்கு 60 கார்டு. போக்கிமானின் பேட்டில் அகாடமியும் யூ-கி-ஓவின் இருவர் தொடக்கப் பெட்டியும் இதே ரகம்தான். வாங்கியவர்கள் ஒரு சாயங்காலம் மூன்று ஆட்டம் ஆடுவார்கள். மூன்றிலும் ஒரே டெக் ஜெயித்துவிட்டால் "இது ஒருபக்கம் சாய்ஞ்ச பெட்டி" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு செல்லாது. துளிகூட ஏற்றத்தாழ்வு இல்லாத இரண்டு டெக்கை மோதவிட்டாலும், முதல் மூன்று ஆட்டத்தையும் ஏதாவது ஒரு டெக்கே அள்ளிக்கொண்டு போக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. பூவா தலையா போட்டு மூன்று முறையும் ஒரே பக்கம் விழுவது போலத்தான்.

சமம் என்றால் அச்சாக 50-50 என்று அர்த்தம் இல்லை. 55-45 இருந்தால் ஆடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. 60-40 ஆகும்போது முனகல் ஆரம்பிக்கும். 65-35 என்றால் கொஞ்ச நாளில் ஒரு டெக்கை எடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். நாம் தேடுவது இந்தக் கடைசி இரண்டு நிலைகளைத்தான்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு டெக்கையும் தனித்தனியாக எடுத்து, இதில் அரிய கார்டு எத்தனை, அதில் எத்தனை என்று கூட்டிப் பார்ப்பது. இந்தப் பெட்டியில் ஒரு டெக்குக்கு ஒரே ஒரு எதிரிதான். மற்ற எந்த டெக்கோடும் அது மோதப்போவதில்லை. ஆகவே "இது வலுவான டெக்கா?" என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. "அதற்கு எதிராக இது என்ன செய்யும்?" என்பதுதான் கேள்வி.

ஆட உட்காரும் முன் இரண்டு டெக்கையும் மேஜையில் எதிரெதிராகப் பரப்புங்கள். முதலில் செத்த கார்டுகளை, அதாவது இந்த எதிரியிடம் பயனே இல்லாதவற்றை, எண்ணுங்கள். மேஜிக்கில் டூம் பிளேட் கருப்பு அல்லாத கிரீச்சரைத்தான் (சண்டையிடும் உயிரினக் கார்டு) அழிக்கும். எதிர் டெக் முழுக்கக் கருப்பு என்றால் அது கையில் வெறும் காகிதம். நேச்சுரலைஸ் ஒரு ஆர்ட்டிஃபாக்டையோ என்சான்ட்மென்டையோ அழிக்கும். எதிரில் அந்த வகையே இல்லையென்றால் அதுவும் செத்த கார்டுதான். ஃபாரஸ்ட்வாக் (எதிரி தடுக்க முடியாதபடி தாக்கும் திறமை) உள்ள கிரீச்சருக்கு அது பயன்பட, எதிராளியிடம் ஃபாரஸ்ட் என்ற லேண்ட் கார்டு இருக்க வேண்டும். 60 கார்டில் இப்படி மூன்று இருந்தால் கணக்கில் எடுக்கவேண்டியதில்லை. ஆறு இருந்தால், பத்தில் ஒரு முறை எடுக்கிற கார்டு வீண் என்றாகிவிடும்.

அடுத்தது பறப்பவை. ஃபிளையிங் உள்ளதை ஃபிளையிங்கோ ரீச்சோ உள்ள கிரீச்சர்தான் தடுக்க முடியும். ஒரு பக்கம் எட்டுப் பறவை, மறுபக்கம் தடுக்க ஒன்றுமில்லை என்றால், அந்த மறுபக்கத்தில் அழிக்கும் கார்டுகள் எத்தனை, அவை அந்தப் பறவைகளுக்கு எட்டுமா என்று பாருங்கள். சேதம் தரும் கார்டுகளை எண்ணும்போது வெறும் எண்ணிக்கை போதாது. லைட்னிங் போல்ட் 3 சேதம் தரும். எதிரில் இருக்கும் முக்கியமான கிரீச்சர்களின் டஃப்னஸ் (சாக எத்தனை சேதம் வேண்டும் என்ற எண்) எல்லாம் 4 என்றால், அவற்றுக்கு எதிரே நாலு போல்ட் இருந்தும் ஒரு கொலைக்கு இரண்டைச் செலவழிக்க வேண்டும்.

போக்கிமானில் இந்த வேலை இன்னும் சுலபம், விளைவோ இன்னும் கடுமை. பெரும்பாலான போக்கிமான் கார்டுகளின் அடியில் பலவீனம் அச்சாகியிருக்கும். அந்த வகை தாக்கினால் சேதம் இரண்டு மடங்கு. நெருப்புக்குப் பெரும்பாலும் நீர் பலவீனம். நீருக்கோ பெரும்பாலும் மின்னல்தான் பலவீனம், நெருப்பு இல்லை. நெருப்பு டெக்கையும் நீர் டெக்கையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டு மடங்கு அடி ஒரு திசையில் மட்டும் பாயும். 120 எச்பி (உயிர் அளவு) உள்ள போக்கிமான் 60 சேதம் தரும் சாதாரணத் தாக்குதலில் ஒரே அடியில் சாயும். படத்துக்கு அழகான ஜோடி, ஆட்டத்துக்குக் கேடு. பேட்டில் அகாடமி மாதிரி மூன்று டெக் உள்ள பெட்டியில் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

யூ-கி-ஓவில் கார்டை இயக்கச் செலவழிக்கும் மேஜிக்கின் மானாவும் இல்லை, போக்கிமானின் எனர்ஜியும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது பலி கொடுக்காமல் இறக்கக்கூடிய லெவல் 4 வரையிலான மான்ஸ்டர்களின் தாக்குதல் எண். ஒரு டெக்கில் 1900-உம் மறு டெக்கில் 1600-உம் உச்சம் என்றால், தந்திரக் கார்டு கைக்கு வராத ஆட்டங்களில் சின்ன எண் உள்ளவர் ஒவ்வொரு சுற்றிலும் மிதிபடுவார்.

அப்புறம் டெக் தன் காலில் தானே தடுக்கி விழுமா என்று பார்க்க வேண்டும். மேஜிக்கில் 60 கார்டில் மானா தரும் லேண்ட் 24 இருந்தால், முதல் ஏழு கார்டில் 2 முதல் 4 லேண்ட் வர சுமார் 77 சதவீதம் வாய்ப்பு. ஒன்றோ பூஜ்யமோ வர 14 சதவீதம். இது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தொல்லை என்பதால் விட்டுவிடலாம். ஒரு டெக் ஒற்றை நிறம், மற்றது இரட்டை நிறம் என்றால்தான் விஷயம் மாறுகிறது. 24 லேண்டை 12-12 என்று பிரித்தால், பத்துக் கார்டு பார்த்த பிறகும் இரண்டில் ஒரு நிறம் தலைகாட்டாத ஆட்டங்கள் சுமார் 17 சதவீதம். அதாவது ஆறில் ஒன்று. ஒற்றை நிற டெக்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இரட்டை நிறத்தில் இரண்டு நிறமும் தரும் லேண்டுகள் எத்தனை, விலையில் ஒரே நிறக் குறி இரண்டு முறை வரும் கார்டுகள் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

போக்கிமானில் அந்த இடத்தில் பேசிக் போக்கிமான் (நேரடியாக இறக்கக்கூடியது) எண்ணிக்கை நிற்கிறது. டெக்கில் 12 இருந்தால், முதல் ஏழில் ஒன்றுகூட வராமல் மல்லிகன் (கையைக் கலைத்துப் புதிதாக எடுப்பது) எடுக்க வேண்டிய வாய்ப்பு 19 சதவீதம். 16 இருந்தால் 10 சதவீதம். ஒவ்வொரு மல்லிகனுக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இந்த வித்தியாசத்துக்கு நிஜமான விலை உண்டு. இதோடு பேசிக்கிலிருந்து இரண்டு படி ஏறி ஸ்டேஜ் 2 வரை வளர வேண்டிய வரிசைகள் எத்தனை, நடுப்படியைத் தாண்ட உதவும் ரேர் கேண்டி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெட்டியின் முகப்பில் மின்னும் நட்சத்திரக் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. சண்டை எல்லாம் இதை வைத்துத்தான் நடக்கும். "அந்தக் கார்டு அவன்கிட்ட இருக்கு, எப்படி ஜெயிக்கிறது?" 60 கார்டில் ஒரே பிரதியாக இருந்தால், மேஜிக்கில் முதலில் ஆடுகிறவர் எட்டாவது சுற்றுக்குள் பார்ப்பது 14 கார்டு. அதற்குள் நட்சத்திரம் கைக்கு வர வாய்ப்பு 23 சதவீதம்தான். அதே டெக்கில் நாலு பிரதி உள்ள சாதாரணக் கார்டில் ஒன்றாவது வர 67 சதவீதம் உண்டு. போக்கிமானில் ஒற்றைப் பிரதி, தொடக்கத்தில் கவிழ்த்து ஒதுக்கிவைக்கும் ஆறு பரிசுக் கார்டுகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ள மட்டும் 10 சதவீதம். ஆகவே ஒருபக்கச் சாய்வை நாலு பிரதிக் கார்டுகளில் தேடுங்கள். நட்சத்திரம் தோற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

இவ்வளவும் ஊகம்தான். இனி ஆட வேண்டும், 20 ஆட்டம்.

அந்த 20-ஐ இப்படிப் பிரியுங்கள்: ஆடுகிறவர் இருவர், டெக் இரண்டு, முதலில் ஆடுவது இவரா அவரா என்று இரண்டு. யாரிடம் எந்த டெக், யார் முதல் என்று மொத்தம் நாலு நிலை. நிலைக்கு ஐந்து ஆட்டம். வரிசையாக ஐந்து ஆடாமல் மாற்றி மாற்றி ஆட வேண்டும். இல்லாவிட்டால் பழக்கம் ஏறுவதன் பலன் கடைசி நிலைக்குப் போய்விடும். டெக்கை மாற்றாமல் ஆடிய ஆட்டங்களிலிருந்து டெக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஜெயித்தது டெக்கா ஆளா என்று பிரித்தறிய வேறு வழியே இல்லை.

கலைப்பதில் சோம்பல் வேண்டாம். புதுப் பெட்டியில் கார்டுகள் வகைவாரியாக அடுக்கி வரும், லேண்டுகள் ஒரே கற்றையாக இருக்கும். ஆட்டம் முடியும்போதும் மேஜையில் கிடந்த லேண்டுகளைச் சேர்த்து அள்ளுவதால் அந்தக் கற்றை மறுபடி உருவாகிவிடும். 52 சீட்டுக்கு ஏழு ரிஃபிள் (கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கலைப்பது) தேவை என்பது டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் வெளியிட்ட கணக்கு. 60 கார்டுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு குவியலாகப் பகிர்ந்து அடுக்குவது கலைப்பது ஆகாது. கார்டு எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க மட்டும் உதவும். ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போடாத கார்டை இத்தனை முறை கலைத்தால் ஓரம் பிசிறும், பிறகு எது எது என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். அதனால் முதலில் ஸ்லீவ்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த டெக், யார் கையில், யார் முதல், எத்தனையாவது சுற்றில் முடிந்தது, ஜெயித்தவருக்கு மிஞ்சியது எவ்வளவு, தோற்றவர் தோற்றது எதனால். கடைசிக் கட்டம்தான் உயிர். "லேண்ட் வரவில்லை", "பறப்பதைத் தடுக்க முடியவில்லை", "கை காலி", "தவறான தாக்குதல்" என்று நாலு சொல்லில் போதும்.

20 ஆட்டம் முடிந்ததும் எண்ணைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். முற்றிலும் சமமான டெக்குகளே 12-8 அல்லது அதைவிட மோசமாக முடிவது பாதிக்குப் பாதி நடக்கும். 13-7 அல்லது அதற்கு மேல் 26 சதவீதம், 14-6 அல்லது அதற்கு மேல் 12 சதவீதம் போல. 15-5 அல்லது அதற்கு மேல் என்றால் 4 சதவீதம்தான். இங்கே சந்தேகப்படலாம். மறுபுறமும் உண்டு. நிஜமாகவே 60-40 ஆன ஜோடியில், வலுத்த டெக் 20-இல் பத்தோ அதற்குக் குறைவாகவோ ஜெயிப்பது நாலில் ஒரு முறை நடக்கும். 10-10 வந்தது என்பதற்காகச் சமம் என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

அதனால்தான் தோல்விக் காரணங்கள். 13-7 முடிவில் ஏழு தோல்வி லேண்ட் வராததாலும், நாலு தவறான நகர்த்தலாலும் என்றால் டெக்குகளைத் தொட வேண்டாம். அதே 13-7-இல் ஒன்பது தோல்வியில் "பறப்பதைத் தடுக்க முடியவில்லை" என்றிருந்தால், எண்ணிக்கை போதாவிட்டாலும் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. மேஜையில் பரப்பி எண்ணியபோது சந்தேகப்பட்ட இடமும் இதுவும் ஒன்றாக இருந்தால் இன்னும் 20 ஆட்டம் ஆடத் தேவையில்லை.

பழக்கத்தையும் கழிக்க வேண்டும். வேகமாகத் தாக்கும் டெக்கை ஓட்டுவது லேசு, எல்லாவற்றையும் எதிரிமேல் ஏவினால் பாதி வேலை முடிந்தது. பொறுத்திருந்து தடுக்கும் டெக்கில் எதை அழிப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க வேண்டும். ஆகவே முதல் ஆறேழு ஆட்டம் வேக டெக் பக்கம் சாயும், பிறகு மெல்லத் திரும்பும். முதல் பத்தையும் இரண்டாம் பத்தையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். 8-2 என்று தொடங்கி 4-6 என்று முடிந்தால் டெக் சரி, கற்றுக்கொள்ள நேரம் பிடித்தது, அவ்வளவுதான். ஆனால் எப்போதும் புதியவர்களோடு ஆடத்தான் பெட்டி என்றால் அந்த 8-2-தான் உங்களுக்கு உண்மையான எண்.

முதலில் ஆடுவதன் ஆதாயத்தை விதிகளே கொஞ்சம் குறைத்துவிடுகின்றன. மேஜிக்கிலும் யூ-கி-ஓவிலும் முதலில் ஆடுகிறவருக்கு முதல் சுற்றில் கார்டு எடுக்க உரிமை இல்லை. யூ-கி-ஓவிலும் போக்கிமானிலும் முதல் சுற்றில் தாக்கவும் முடியாது. வேக டெக் முதலில் ஆடிய பத்தில் ஒன்பது, இரண்டாவதாக ஆடிய பத்தில் ஐந்து ஜெயித்தது என்று வந்தால், எப்போதும் மெதுவான டெக்கே முதலில் ஆடட்டும் என்று வைத்துப் பாருங்கள். ஒரு கார்டுகூட மாற்றாமல் தீரும் கோளாறு இது.

அதிலும் தீராவிட்டால் இரண்டு வழி. ஒன்று, கார்டு மாற்றுவது. வலுத்த டெக்கைக் குறைப்பதைவிட இளைத்த டெக்கில் உள்ள செத்த கார்டுகளை எடுத்துவிட்டு, தோல்விக் காரணத்துக்கு மருந்தான கார்டைப் போடுங்கள். பறப்பவை தொல்லை என்றால் ரீச் உள்ளது இரண்டு. ஒரு தடவைக்கு இரண்டு கார்டுக்கு மேல் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

இன்னொன்று ஏலம். 2018-இல் வந்த கீஃபோர்ஜ் விளையாட்டில் ஒவ்வொரு டெக்கும் உலகில் ஒன்றே ஒன்று, 36 கார்டில் எதையும் மாற்ற முடியாது. அங்கே அடாப்டிவ் என்றொரு ஆட்டமுறை உண்டு. முதல் ஆட்டம் அவரவர் டெக்கில், இரண்டாவது டெக்கை மாற்றிக்கொண்டு. இரண்டிலும் ஒரே ஆள் ஜெயித்தால் கதை முடிந்தது. இரண்டிலும் ஒரே டெக் ஜெயித்தால், மூன்றாவது ஆட்டத்துக்கு அந்த டெக்கைச் சங்கிலி எண்ணிக்கை சொல்லி ஏலம் எடுக்க வேண்டும். 1 முதல் 6 சங்கிலி வரை கையை நிரப்பும்போது ஒரு கார்டு குறையும், 7 முதல் 12 வரை இரண்டு. ஒவ்வொரு முறை குறைத்து எடுக்கும்போதும் ஒரு சங்கிலி கழியும்.

மேஜிக்கில் இதையே உயிர்ப் புள்ளியில் செய்யலாம். "அந்த டெக்கை எடுத்தால் 20-க்குப் பதில் 18-இல் தொடங்குகிறேன்", "நான் 16". யாரும் அதற்குக் கீழே போகாத எண்தான் அந்த மேஜையில் அந்த டெக்கின் விலை. வேக டெக்குக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், தாக்கிக்கொண்டே இருப்பவருக்கு உயிர் குறைவது அவ்வளவாக உறைக்காது. அதற்கு முதல் கையில் ஒரு கார்டு குறைவு என்று ஏலம் விடுவது பொருத்தம்.

எதை மாற்றினாலும் மாற்றியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எடுத்த கார்டுகளோடு சேர்த்துப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது எது பழைய டெக் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.