மூன்று கணினிகளில் ஒரு கோலம்

மார்கழி முழுக்க வாசலில் போடும் கோலங்களை அத்தை படமெடுத்து வைப்பார். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர்: தாமரை, மயில், தேர்க்கோலம், சிக்குக்கோலம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார். படத்தையும் குறிப்பையும் சேர்த்துக் காட்ட சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். என் லினக்ஸில் முதல் நாளே ஓடியது.

அத்தையின் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 7. அங்கே கம்பைல் செய்து ஓட்டினால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகள். நான் கூப்பிட்ட ஃபங்ஷன்கள் அங்கே ஆன்சி கோட் பேஜ் என்ற பழைய எழுத்து அட்டவணை வழியாகப் பெயரைக் கொடுப்பவை. தமிழுக்கு அப்படியொரு கோட் பேஜே கிடையாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடின் ஒரு வடிவம் யுடிஎஃப்-16. அதில் பெயரைத் தரும் ஃபங்ஷன்களுக்கு மாறியதும் சரியானது.

அப்புறம் அத்தை மகளின் பழைய மேக். இங்கேதான் இரண்டு இரவுகள் போயின. தாமரை வந்தது, மயில் வந்தது. கோலம் என்று முடிகிற ஒரு படத்துக்கும் குறிப்பு வரவில்லை. பட்டியலில் இருந்த பெயரும் ஃபோல்டரில் இருந்த பெயரும் திரையில் ஒன்றுபோலவே தெரிந்தன. கடைசியில் பைட்டுகளை எண்ணிப் பார்த்தேன். பட்டியலில் 'கோலம்' 15 பைட், ஃபோல்டரிலிருந்து வந்ததில் 18.

'ோ' குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், 'ே', 'ா' என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்பதுதான் யூனிகோட் விதி. டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். அந்த மேக்கில் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளுக்கோ பெயர் என்பது வெறும் பைட் வரிசை. நான் பைட்டுக்கு பைட் ஒப்பிட்டது என் தவறு.

முதலில் கண்ட இடத்திலெல்லாம் இஃப்டெஃப் (கணினிக்கு ஏற்ப வேறு வரிகளைக் கம்பைல் செய்யச் சொல்லும் கட்டளை) போட்டு ஒட்டுப்போட்டேன். படிக்கவே முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது கோப்பு முறைமையைத் தொடும் வேலை முழுவதும் ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வரும் பெயர் எப்போதும் யூனிகோடின் இன்னொரு வடிவமான யுடிஎஃப்-8. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றுகிறேன். டிஸ்கில் இருக்கும் பெயரை மட்டும் தொடுவதில்லை. அது அத்தை வைத்த பெயர்.

சோதனைக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். அதில் இப்படிப் பிரித்து எழுதக்கூடிய குறிகள் உள்ள மூன்று கோப்புகள்: கொடி, கோலம், கௌளி. எதை மாற்றினாலும் மூன்று கணினிகளிலும் அதைத்தான் முதலில் ஓட்டுகிறேன்.