சூடாக இருந்தபோது அளந்தேன்

லேத் பட்டறையிலும் கிரைண்டிங்கிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதியவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறேன். தொழில்நுட்பத்துக்கு ஒரு வகுப்பு, பேச்சுத்திறனுக்கு ஒரு வகுப்பு என்று பிரித்து நடத்தச் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் ஒரு ஷாஃப்ட் லாட்தான், ஒரே தொகுதியாக வந்த எஃகுத் தண்டுகள்தான், நினைவுக்கு வரும்.

சிறு பட்டறைகள் நிறைந்த வட்டாரத்தில் ஒரு பொருள் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. ஓரிடத்தில் கடைவார்கள், இன்னோரிடத்தில் காய்ச்சிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட், மூன்றாவது இடத்தில் சாணைச் சக்கரத்தில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங். எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் நீளமான தண்டு சற்று வளையும். அந்த வளைவையும் காய்ச்சியதில் படிந்த கறுப்பையும் கிரைண்டிங்கில்தான் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்காகவே விட்டத்தில் 0.3 மி.மீ. கூடுதலாக விட்டுக் கடைந்து அனுப்பச் சொல்லியிருந்தோம். அந்த லாட்டில் பல தண்டுகளில் ஒரு பக்கம் பளபளத்தது, மறுபக்கம் கறுப்பு அப்படியே நின்றது. அளவு வந்துவிட்டது, கறுப்பு போகவில்லை. அத்தனையும் கழிவு.

கடைந்த இளைஞனுக்கு விஷயம் தெரியும். லேத்தில் கொடுக்கும் அளவுத் திருத்தமான ஆஃப்செட் தவறிப் பாதித் தண்டுகளில் 0.15 மி.மீ.தான் மிஞ்சியது. நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை அவனைப்போல் நிதானமாகப் பிடிப்பவர் அங்கே யாருமில்லை. சொல்லியிருந்தால் அவற்றை மட்டும் தனியே பிரித்து, பிரஸ்ஸில் நிமிர்த்திய பிறகு கிரைண்டிங்கில் ஏற்றியிருப்போம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். போன முறை சொன்னவருக்குக் கூலியைப் பிடித்தார்கள் என்றான். எனக்குக் கோபம் அவன் மீது வரவில்லை. திறமையான ஆள் கிடைப்பதில்லை என்று வருந்தும் முதலாளிகள், தவறைச் சொல்ல வருபவனின் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பழகியிருக்கிறார்களா? அந்தப் பயிற்சி அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

என் வகுப்பில் இரண்டையும் பிரிப்பதில்லை. நீள அளவுக்கு 20 டிகிரி செல்சியஸ்தான் உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை. 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு அதைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் ஏறக்குறைய 0.01 மி.மீ. பருத்திருக்கும். சாதாரண மைக்ரோமீட்டரில் அது ஒரு முழுக் கோடு. இதைச் சொல்லிவிட்டு அளக்கச் சொல்வேன். அளந்ததையும் சந்தேகத்தையும் நோட்டில் எழுதி, அடுத்த ஷிப்ட் ஆளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

சென்ற மாதம் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "மூன்றாவது ஜாபைச் சூடாக இருந்தபோது அளந்தேன். ஆறிய பிறகு மறுபடி அளக்கவும்." அடுத்து வந்தவன் அதைக் கேட்டுவிட்டு, முதலில் அந்த ஜாபைத்தான் கையில் எடுத்தான்.